சத்தம் போடாத நூல்

ஜெயம்மாவுக்குக் குப்பை என்ற சொல்லே பிடிக்காது. பொதட்டூர்பேட்டையில் தறி ஓடும் வீட்டில் பிறந்தவள். துணி அறுத்த பிறகு தறியில் மிஞ்சும் நூல் துண்டைக்கூட அவள் நைனா கீழே போட விடமாட்டார். நீளமானதை முடிந்து மறுபடியும் ஓட்டுவார்கள். குட்டையானதைத் திரியாகத் திரிப்பார்கள். அதற்கும் ஆகாததைப் பிய்த்துத் தலையணையில் அடைப்பார்கள். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று ஊரில் எல்லாரும் வாயால் சொல்வார்கள். நெய்கிறவர் வீட்டில் கையால் செய்வார்கள். அந்த நல்ல புத்திதான் பின்னால் அவளைக் கவிழ்த்தது. கொஞ்சம் ஊதாரியாகப் பிறந்திருந்தால் தப்பித்திருப்பாள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

அறுபதாம் வருஷம் அத்தை மகன் எல்லப்பனுக்கு வாழ்க்கைப்பட்டுத் திருத்தணிக்கு வந்தாள். கடைசிவரை அவனைப் பாவா என்றுதான் கூப்பிட்டாள். எல்லப்பன் கேஸ் லைட் வாடகைக்கு விடுகிறவன். மலைமேல் கல்யாணமா, ஆடிக் கிருத்திகைக்கு வரும் காவடிக் கூட்டமா, ஏதாவது ஒரு ஊரில் கூத்தா, எல்லாவற்றுக்கும் அவன் விளக்குதான் போகும். மண்ணெண்ணெய் ஊற்றி, காற்றடித்து, பற்றவைத்தால் உஸ்ஸென்று சத்தத்தோடு எரியும் அந்த விளக்கில், கண்ணாடிக்குள் ஒரு சின்ன வலைப் பை தொங்கும். அதற்குப் பெயர் மேண்டில். வெளிச்சம் விளக்கில் இல்லை, அந்தப் பையில்தான் இருக்கிறது.

அந்தப் பையைச் செய்ய அரக்கோணம் ரோட்டில் துளசிங்கம் என்பவர் ஒரு கம்பெனி திறந்தார். கம்பெனி என்றால் நீளமான ஒரு கொட்டகை, நாலு தொட்டி, முப்பது பெண்கள். பட்டுநூலில் குழாய் மாதிரி பின்னிய துணியை மருந்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, துண்டு போட்டு, வாயைச் சுருக்கிக் கட்ட வேண்டும். மருந்தின் பெயர் தோரியம். சூடேறினால் பளீரென்று வெளிச்சம் தருவது அதுதான். வாயைக் கட்டுகிற நூல் தீயில் எரிந்துவிட்டால் பை கழன்று விழுந்துவிடும் இல்லையா, அதனால் அதற்கென்று கல்நார் நூல் வரும். பாறையிலிருந்து எடுத்த நார். பார்த்தால் பஞ்சு, பிறவியில் கல். எல்லப்பன்தான் மேண்டில் வாங்கப் போன இடத்தில் பேசி, பெண்சாதியை அந்த வேலைக்குச் சேர்த்துவிட்டான்.

முடிபோடுகிற வேலை என்றால் நெசவாளி வீட்டுப் பெண்ணுக்குச் சொல்லித்தர வேண்டுமா? நூல் நுனியை உதட்டில் வைத்து நனைப்பாள், ஒரு சுற்று, ஒரு இழுப்பு, முடிந்தது. மற்றவர்கள் ஒன்று கட்டுவதற்குள் இவள் மூன்று கட்டுவாள். கொட்டகை பூராவும் வெள்ளையாக நார் பறக்கும். தலைமுடியில், புருவத்தில், சோற்றுத் தூக்கில் எல்லாம் ஒட்டும். தறிக்கூடத்தில் பஞ்சு பறக்கப் பறக்கச் சோறு தின்று வளர்ந்தவள் அதையெல்லாம் சட்டை செய்யவில்லை.

சாயங்காலம் ஒவ்வொருத்தி காலடியிலும் கல்நார் நூலின் வெட்டுத் துண்டுகள் குவிந்து கிடக்கும். பெருக்கி ரோட்டோரப் பள்ளத்தில் கொட்டுவார்கள். ஜெயம்மாவுக்குப் பொறுக்கவில்லை. துளசிங்கத்திடம் நேரே போய்க் கேட்டாள்.

“மொதலாளி, அந்த வெள்ள நூல் துண்ட நான் எடுத்துகினு போவட்டுங்களா?”

“குப்பதானம்மா, தாராளமா எடுத்துகினு போ” என்றார் அவர்.

அறுபத்தைந்தில் அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. அம்சா என்று பெயர் வைத்தார்கள். பெண்ணுக்காக அந்த நூல் துண்டுகளை உட்கார்ந்து உட்கார்ந்து பிய்த்தாள். பிய்க்கப் பிய்க்கப் பூவாக மலர்ந்து கொடுத்தது. பழைய புடவைத் துணியில் உறை தைத்து, அதை அடைத்து ஒரு தலையணை செய்தாள். இலவம்பஞ்சு பிச்சை வாங்க வேண்டும், அவ்வளவு மெத்தென்று இருந்தது. எறும்பு அண்டவில்லை, மூட்டைப்பூச்சி வரவில்லை. அம்சாவுக்கு அது இல்லாமல் தூக்கம் வராது. காலை எழுந்தால் குழந்தையின் கன்னத்தில் வெள்ளைத் தூள் ஒட்டியிருக்கும். தாய் அதை முந்தானையால் துடைத்து முத்தம் கொடுப்பாள்.

எழுபத்திரண்டில் பம்பாயிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். வயதான மனிதர், தமிழ்க்காரர்தான். கையில் கதிர்வீச்சு அளக்கும் ஒரு பெட்டி. அதைத் தோரியத் தொட்டியருகே கொண்டுபோனால் கடகடவென்று சத்தம் போட்டது. பெண்கள் பயந்து சுவரோரமாக ஒதுங்கினார்கள். அணு சம்பந்தப்பட்ட பொருளுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது, தோரியம் அதில் சேர்த்தி, இனி அதன் கழிவை ரோட்டில் கொட்டக் கூடாது என்றார் அவர். சத்தம் போடுகிற கழிவு மஞ்சள் டிரம்மில் போக வேண்டும். டிரம் நிரம்பினால் மூடி, கொட்டகைக்குப் பின்னால் சிமெண்டுக் குழியில் இறக்கி, மேலே காங்கிரீட் போட வேண்டும். சத்தம் போடாதது சாதாக் கழிவு. அதை என்ன செய்தாலும் பம்பாய்க்குக் கவலையில்லை.

கழிவைப் பிரிக்க யாரை வைப்பது என்று துளசிங்கம் யோசிக்கவே இல்லை. ஜெயம்மாவைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார். அவள் தொடுத்த கேள்விகளில் அதிகாரியே அசந்துபோனார்.

“ஏன் சார், கல்நார் நூலு தனியா கீது. அது எதுல சேத்தி?”

“சத்தம் போடுதா? இல்லையே. அப்ப சாதா.”

“மேண்டில்ல கட்டினது அறுந்து விழுந்தா? நூலும் கீது, மருந்தும் கீது.”

“சேர்ந்து இருந்தா முழுசும் எங்களுது. ரெண்டு ஜாதி கலந்தா, எந்தச் சட்டம் பெருசோ அது பேசும். மஞ்சள் டிரம்ல போடுங்க.”

அதோடு அவள் விடவில்லை. மறுநாள் காலை அம்சாவின் தலையணையையே அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதிகாரி பெட்டியை அதன்மேல் வைத்தார், திருப்பி வைத்தார். மூச்சு இல்லை. “பயப்படாம வச்சுக்கோங்க” என்றார். ஜெயம்மா மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். அன்று மாலை தலையணையைப் பிரித்து, புதுத் துண்டுகளைப் பிய்த்து இன்னும் கொஞ்சம் அடைத்துத் தைத்தாள்.

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. அவர் பெட்டிக்குத் தெரிந்தது ஒரே ஒரு விஷம், அது இல்லை என்று சொன்னார். கேட்ட இவள் விஷமே இல்லை என்று எடுத்துக்கொண்டாள். படித்தவர்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள், இவளை மட்டும் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம்?

அதன்பிறகு பதினைந்து வருஷம் ஜெயம்மா கழிவைப் பிரித்தாள். சத்தம் போடும் பொருளில் ஒரு இழைகூட அந்தக் கொட்டகையை விட்டு வெளியே போகவில்லை. வீட்டுக்குப் போகுமுன் கால் நகம்வரை கழுவுவாள். கழுவிய கையோடு சாதா நூலை மடியில் கட்டிக்கொண்டு கிளம்புவாள். அக்கம்பக்கத்தார் கேட்டால் கார்த்திகைக்கு எரியாத திரி திரித்துக் கொடுப்பாள். எண்ணெய் ஊற்றினால் போதும், திரி மாற்றவே வேண்டாம் என்று தெருவே அவளைக் கொண்டாடியது.

அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். இந்த நூலும் நின்று கொல்லுகிற ஜாதி.

எண்பத்தைந்தில் மலைப்படி ஏறும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது. வயசாகிவிட்டது என்று சொல்லிச் சிரித்தாள். மறு வருஷம் கிருத்திகைக்குப் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். வறட்டு இருமல். கஷாயம், கருப்பட்டி, டவுன் டாக்டரின் ஊசி எல்லாம் ஆயிற்று. அம்சாவை அதற்கு முன்பே அரக்கோணத்தில் ரயில்வேயில் வேலை பார்க்கும் பையனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவள் முழுகாமல் இருந்தாள். எண்பத்தேழு கடைசியில் வளைகாப்பு முடிந்து பெண்ணைத் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு அழைத்து வந்த கையோடு, எல்லப்பன் பெண்சாதியை ரயிலேற்றி மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

நெஞ்சைப் படம் எடுத்தார்கள். டாக்டர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு, என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். சொன்னாள். தோரியத்தைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருந்தாள். அவரோ நூலைப் பற்றிக் கேட்டார்.

“கல்நார்தாம்மா இது. அந்தத் தூள் மூச்சோட உள்ளே போனா வெளியே வராது. அங்கேயே தங்கி, இருபது வருஷம் கழிச்சுக்கூட நுரையீரலை இறுக்கும். சரிபண்ண மருந்து இல்ல. மேல மேல கெடாம பாத்துக்கலாம், அவ்வளவுதான்.”

“அது சாதா நூலுங்க சார். பொட்டி வச்சிப் பாத்தாங்க. சத்தமே போடல.”

“அது வேற விஷயம்மா. அந்தப் பெட்டிக்கு இது தெரியாது.”

ஜெயம்மா தன்னைப் பற்றி அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “அந்தத் தூளு தலகாணில இருந்தா? கொழந்த அதுமேல படுத்துகினு இருந்தா?” என்று கேட்டாள். எத்தனை வருஷம் என்றார் டாக்டர். பிறந்ததிலிருந்து கல்யாணம்வரை என்றாள். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, எல்லாருக்கும் வரும் என்றில்லை, இனிமேல் அந்தத் தலையணை வீட்டில் இருக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார். திரும்பி வரும் ரயிலில் எல்லப்பன் ஏதேதோ பேசிப் பார்த்தான். திருவள்ளூர் தாண்டும்வரை அவள் விரல்விட்டு வருஷங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு, “பாவா, அம்சாகிட்ட சொல்லாதே. வயித்துல புள்ள கீது” என்றாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், அம்சா அந்தத் தலையணையைத் தட்டித் தட்டி வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தாள். பிறக்கப்போகிற பிள்ளைக்காம். தட்டத் தட்டப் புடவை உறையிலிருந்து வெள்ளையாகத் தூள் எழும்பியது. ஜெயம்மா ஓடிப்போய்ப் பிடுங்கினாள். ஓடியதில் மூச்சு அடைத்து, பேச முடியாமல் அதைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னாம்மா உனுக்கு? என் தலகாணிதானே அது?”

“பழசுடி. நாத்தம். புதுசு தச்சித் தரேன்.”

“எனுக்கு இதான் வேணும். என் புள்ளைக்கும் இதான்” என்றாள் மகள், சின்ன வயசில் அடம்பிடித்த அதே குரலில்.

அன்றிலிருந்து ஜெயம்மாவுக்கு ஒரே வேலை. அந்தத் தலையணையை யார் கைக்கும் போகாதபடி ஒழிக்க வேண்டும். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! அடுப்பில் ஒரு பிடி பிய்த்துப் போட்டாள். சிவக்கச் சிவக்கக் கனன்று, அடுப்பு ஆறியதும் வெள்ளை வெளேரென்று அப்படியே கிடந்தது. எரியாது என்று ஊருக்கெல்லாம் பெருமை பேசியவள் அவள்தான். மழைநீர்ப் பள்ளத்தில் விட்டால் மிதந்து வேறு தெருவுக்குப் போகும். கொல்லையில் புதைத்தால் நாய் கிளறும், இல்லாவிட்டால் நாளைக்கு எவனாவது அஸ்திவாரம் தோண்டுவான்.

பை ஒன்றில் போட்டு இறுகக் கட்டி, ஊர்க் குப்பைமேட்டுக்கே எடுத்துக்கொண்டு போனாள். போட்டுவிட்டு நாலடி நடந்து திரும்பிப் பார்த்தால், அங்கே காகிதம் பொறுக்கும் கெங்கம்மாள் கட்டை அவிழ்த்துவிட்டிருந்தாள். தலையணையை ஆசையாகத் தடவினாள். அவள் முதுகுத் தூளியில் ஒரு கைக்குழந்தை.

“அத்தக் குடுத்துடு தாயே” என்று ஜெயம்மா திரும்பி ஓடினாள்.

“போட்டதுதானே? எம் புள்ளைக்கு ஆவட்டும்.”

“வேணாம்டி. உன் புள்ளைக்கு வேணாம்.”

கெங்கம்மாள் அவளை ஒரு கஞ்சப் பிசினாறியைப் பார்ப்பதுபோல் பார்த்துத் தலையணையை அவள்மேல் விட்டெறிந்தாள். ஜெயம்மா அதைச் சுமந்துகொண்டு வீட்டுக்கே வந்தாள்.

அந்த மாதம் கம்பெனிக்குத் தொழிற்சாலை அதிகாரி ஒருவர் சோதனைக்கு வந்தார். அவரிடம் கேட்டாள். ஆலைக்குள்ளே பறக்கிற கல்நார் தூசிக்குத்தான் விதி இருக்கிறதாம். வாசலைத் தாண்டி வீட்டுக்குப் போன தலையணை அதில் வராதாம். கல்நார் கழிவுக்கென்று தனியாக ஏதோ சட்டம் வரப்போவதாகப் பேச்சு, வந்தால் பார்க்கலாம் என்றார். துளசிங்கம் அந்த வாரமே எல்லாருக்கும் மூக்கில் கட்டத் துணி கொடுத்தார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஜெயம்மா கோபப்படக்கூட இல்லை. அவள் பார்வை கொட்டகைக்குப் பின்னால் இருந்த சிமெண்டுக் குழிமேல் இருந்தது. ஊரிலேயே நாயும் மனிதரும் தோண்ட முடியாத குழி அது ஒன்றுதான். அதற்குள் போக ஒரே வழி, பெட்டி கத்த வேண்டும்.

வருஷா வருஷம் வரும் பம்பாய் அதிகாரி தை மாதம் வந்தார். பழையவர் ஓய்வு பெற்று, இப்போது வருகிறவர் நாகராஜன் என்ற இளைஞர். அவர் வந்த அன்று காலை ஜெயம்மா தலையணையை வேலைக்கு எடுத்துப்போனாள். மேண்டிலை எரித்துச் சோதிக்கும் மேடையில் சாம்பல் உதிர்ந்து கிடக்கும், தோரியம் மட்டுமே மிஞ்சிய சாம்பல். அதை ஈரத்துணியால் வழித்து உறையின் மேல் பூசினாள். இத்தனை வருஷத்தில் ஒரு இழையைக்கூட மாற்றிப் போடாத கை அது. முருகா, பொய்தான், பொறுத்துக்கொள் என்று முணுமுணுத்தாள்.

நாகராஜன் பெட்டியை வைத்தார். கடகடவென்று கத்தியது. புரட்டி அடிப்பக்கம் வைத்தார், அடங்கிவிட்டது. உறையை ஒரு முனையில் பிரித்து உள்ளே வைத்தார், ஒன்றும் இல்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

“மேல மட்டும்தாம்மா சத்தம். உள்ள ஒண்ணும் இல்ல.”

“உள்ள இருக்கிறதாலதாங்க சார் கொண்டாந்தேன்” என்றாள் ஜெயம்மா. பிறகு நெஞ்சுப் படத்தைப் பற்றி, மகளைப் பற்றி, குப்பைமேட்டைப் பற்றி எல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்ல இருமல் வந்து வந்து பேச்சை அறுத்தது. அவர் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார்.

கேட்டு முடித்ததும், “ரெண்டும் கலந்திருந்தா பெரிய சட்டம்தான் பேசும்” என்று தனக்குத்தானே சொல்வதுபோல் சொல்லி, தலையணையை எடுத்து மஞ்சள் டிரம்மில் அவரே வைத்தார். அவள் கண்ணெதிரே டிரம்மை மூடி, குழியில் இறக்கச் செய்தார். காங்கிரீட் கொட்டினார்கள். ஜெயம்மா அழுதேவிட்டாள், பாரம் இறங்கிய அழுகை.

ஆனால் சட்டம் என்பது பாதியில் நிறுத்தி இறங்கிக்கொள்ளும் வண்டி இல்லையே. தோரியம் கலந்த பொருள் ஒன்று ஒரு வீட்டிலிருந்து வந்தால், அந்த வீட்டையும் ஆட்களையும் சோதித்தாக வேண்டும். “டிரம்ல போட்டுட்டு வீட்டைப் பார்க்கலன்னா நான் போட்ட கையெழுத்து பொய்யாயிடும், வரணும்மா” என்றார் நாகராஜன். இதை அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

மத்தியானம் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். நிறைமாத வயிற்றோடு அம்சா கதவைத் திறந்தாள். பெட்டியைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது. அது எதற்கான பெட்டி என்று கம்பெனிக்காரி மகளுக்குத் தெரியாதா? அவர் பாய்மேல் வைத்தார், பரண்மேல் வைத்தார், அரிசிப் பானையருகே வைத்தார். எங்கும் சத்தம் இல்லை. கடைசியில் அவள் எதிரே பெட்டியைப் பிடித்தார். அம்சா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நெஞ்சுக்கு நேரே ஒரு நிமிஷம், வயிற்றுக்கு நேரே ஒரு நிமிஷம். சத்தமே இல்லை.

“ஒண்ணும் இல்லங்களா சார்?”

“இந்தப் பெட்டி ஒண்ணும் சொல்லலம்மா” என்றார் அவர்.

அம்சாவுக்கு உயிர் வந்தது. தலையணை போனதைக்கூட மறந்துவிட்டாள். “எங்கம்மாவுக்கும் வச்சிப் பாருங்க சார். எப்ப பாத்தாலும் இருமிகினே கீது” என்றாள்.

நாகராஜன் தயங்கினார். ஜெயம்மா தலையசைத்தாள். காலையில் சாம்பல் பட்ட கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, புடவையும் மாற்றித்தான் வந்திருந்தாள். அவர் பெட்டியை அவள் நெஞ்சுக்கு நேரே பிடித்தார். மெட்ராஸ் டாக்டர் வெளிச்சத்தில் மாட்டிக் காட்டிய அதே நெஞ்சு. அதற்கும் பெட்டி சத்தம் போடவில்லை.

“பாத்தியாம்மா, உனுக்கும் ஒண்ணும் இல்ல, எனுக்கும் ஒண்ணும் இல்ல!” அம்சா அம்மாவின் தோளைப் பிடித்துக் குலுக்கிச் சிரித்தாள்.

தொண்டைவரை வந்த இருமலை ஜெயம்மா பல்லைக் கடித்து விழுங்கினாள்.

“ஆங், ஒண்ணும் இல்ல கண்ணு” என்றாள்.